மலையிலிருந்து வன்னிக்கு: என் முதல் நாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வாசகர்களும் வெளிநாடுகளில் வாழும் உறவுகளும் என் முதல் நாவலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஊழல் பற்றிய பதிலிலும் அதற்குப் பின்வருவனவற்றிலும் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. நாவலை இன்னும் வாசிக்காதவர்கள் அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

நாவலின் கதை என்ன?

1977 ஆம் ஆண்டு ஒகஸ்ட் வன்செயலின்போது, மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தை (தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டு வெளியேறும் கணவனும் மனைவியும், இரண்டு பிள்ளைகளுடனும் ஒரு தகரப் பெட்டியுடனும் வன்னிக்கு வந்து சேர்கிறார்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியை அண்டிய ஒரு குடியேற்றத்தில் முதலில் கூலியாட்களாகவும், பிறகு காடு வெட்டியவர்களாகவும், கடைசியில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணியின் உரிமையாளர்களாகவும் அவர்கள் மாறுகிறார்கள். மூன்றாம் தலைமுறையில் பேத்தி பட்டதாரியாகி, பிரதேச செயலகமொன்றின் காணிப் பிரிவில் அபிவிருத்தி உத்தியோகத்தராக வேலைக்குச் சேர்கிறாள். தன் குடும்பத்துக்கு அந்த இரண்டு ஏக்கர் எப்படிக் கிடைத்தது என்பதை அவள் ஒரு பழைய கோப்பிலிருந்து தெரிந்துகொள்வதே கதை. குடியேற்றத்தின் பெயர் கற்பனை; வீதியும் குளங்களும் கோயில்களும் உண்மையானவை.

குடியேறிய குடும்பம் என்றால் கனடாவிலோ பிரான்சிலோ வாழ்பவர்களைத்தானே எழுதுவார்கள்? வன்னிக்கு வந்தவர்களை ஏன் எழுதினீர்கள்?

நம்மிடையே புலம்பெயர்வு என்ற பேச்சு எழுந்தவுடன் விமானமும் பனியும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் வன்னியின் பல கிராமங்களில், ஒரே நாட்டுக்குள் ஒரு மலையிலிருந்து ஒரு காட்டுக்கு வந்து, அங்கே அரை நூற்றாண்டு வாழ்ந்த பிறகும் "எவடத்தால வந்தனீங்கள்?" என்று கேட்கப்படும் மனிதர்கள் இருக்கிறார்கள். கிளிநொச்சியைச் சுற்றியுள்ள பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற இடங்களில் மலையகப் பூர்வீகம் கொண்ட குடும்பங்கள் பெருந்தொகையாக வாழ்கின்றன. வன்னியின் வயல்களிலும் மிளகாய்த் தோட்டங்களிலும் அவர்களுடைய உழைப்பு நிறைந்திருக்கிறது. கதைகளில் அவர்கள் பெரும்பாலும் வேலியோரத்தில் நின்று வேலை கேட்கும் ஆட்களாகவே வந்துபோகிறார்கள். அவர்களுடைய வீட்டு வாசலிலிருந்து வன்னியைப் பார்த்து எழுத வேண்டும் என்பதே என் ஆசை.

அவர்கள் வன்னிக்கு வந்ததற்கு 1977 வன்செயல் மட்டும்தான் காரணமா?

இல்லை. 1958 கலவரத்துக்குப் பிறகே ஒரு தொகையினர் வடக்கு நோக்கி வரத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த பெரிய அலைக்குப் பசியே காரணம். 1972 இலும் 1975 இலும் கொண்டுவரப்பட்ட காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகிய காலத்தில் பல இடங்களில் வேலை நாட்கள் குறைந்தன. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சம் லயங்களில் உயிர்களைக் குடித்தது. அதே காலத்தில் வன்னியில் நிலைமை நேர்மாறாக இருந்தது. 1970 இல் ஆட்சிக்கு வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியை மட்டுப்படுத்தியதால் அவற்றின் விலை ஏறியது. விசுவமடுப் பக்கத்தில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்றவர்களும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டம் செய்தவர்களும் ஆட்களைத் தேடி அலைந்தார்கள். மலையில் வேலையில்லை, வன்னியில் கையில்லை. ஆகவே 1977 இல் உயிர்தப்பி ஓடிவந்தவர்களுக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது. யாரோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ முன்னரே வந்து ஒரு கொட்டில் போட்டிருந்தார். 1981 இலும் 1983 இலும் மேலும் பலர் வந்தார்கள்.

நாவலின் குடும்பம் வந்து சேரும் நேரம் விசித்திரமானது. அவர்கள் வந்த அதே ஆண்டில் ஆட்சி மாறுகிறது. திறந்த பொருளாதாரத்தோடு வெளிநாட்டு மிளகாய் வந்திறங்குகிறது. தோட்ட முதலாளியின் கை சுருங்குகிறது. கூலியைக் காசாகக் கொடுக்க முடியாத முதலாளி, காணியாகத் தருகிறேன் என்று வாய்ச்சொல்லாகச் சொல்வது அந்த நேரத்தில்தான். பின்னால் வரும் அத்தனைக்கும் வித்து அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆகவே மிளகாய் விலை பற்றிய பக்கங்களைச் சலிப்பாக இருக்கிறதென்று தாண்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

காந்தியம் அமைப்பு நாவலில் வருகிறதா?

வருகிறது, ஆனால் சிறிது நேரமே. 1970களின் பிற்பகுதியில் வைத்திய கலாநிதி இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் முன்னின்று நடத்திய காந்தியம், மலையகத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்களை வன்னி எல்லைப் புறங்களில் குடியமர்த்தியது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். டேவிட் ஐயா 2015 இல் கிளிநொச்சியில் காலமானார். நாவலின் மூதாட்டி, பால்மாவும் விதைநெல்லும் கொண்டுவந்த இளைஞர்களை நினைவுகூரும் இடத்தில் அவ்வமைப்பு குறிப்பிடப்படுகிறது. கதையில் வரும் காணிமோசடிக்கும் காந்தியத்துக்கும் எவ்விதத் தொடர்புமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு வாசகர் அப்படிப் புரிந்துகொண்டு கடிதம் எழுதியிருந்தார்.

குடியுரிமைச் சட்டங்களுக்கு ஒரு நாவலில் இவ்வளவு இடம் தேவையா?

தேவை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மிகுதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவைத்தது. 1974 இல் அந்த மிகுதியும் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டது. இந்த எண்களை வாசிப்பவருக்கு ஒரு மனிதனுடைய நாள் எப்படிக் கழிந்தது என்பது தெரியாது. நாவலின் தாத்தா இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர். அவருடைய தம்பி இந்தியக் கடவுச்சீட்டுக்கு எழுதிக்கொடுத்து, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரித் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தவர். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரராகப் பிரிந்தது தனியொரு படிவத்தில் எதை நிரப்பினார்கள் என்பதால்தான்.

வன்னிக்கு வந்த பின்னர் இது இன்னும் கூர்மையாகிறது. அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்படுகிறது. குடியுரிமை இல்லாதவருக்கு அது கிடையாது. காட்டை வெட்டி எரித்து, கிணறு தோண்டி, காய்ச்சலில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்து, அந்த மண்ணில் உழுந்தும் கச்சானும் விளைவித்தவன் அலுவலகக் கணக்கில் அத்துமீறிக் குடியிருப்பவன். கொழும்பில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு அந்தக் காட்டைக் கண்ணாலும் காணாத ஒருவர் அதே காணிக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ளவர். நாடற்றவராக இருந்த இந்திய வம்சாவளியினருக்குப் பிரகடனம் ஒன்றின் மூலமே குடியுரிமை பெற இடமளித்த சட்டம் 2003 இல்தான் வந்தது. அதற்குள் பல காணிகளின் கதை முடிந்துவிட்டது.

அப்படியானால் நாவலில் மறைந்திருக்கும் ஊழல் எது?

இங்கிருந்து கதையின் முடிச்சு.

1980களின் தொடக்கத்தில் குடியேற்றத்துக்குக் காணிக் கச்சேரி, அதாவது அரச காணி கேட்பவர்களை உத்தியோகத்தர்கள் நேரில் அழைத்து விசாரிக்கும் அமர்வு, வைக்கிறார்கள். முதலாளி தன் உறவினர் மூவருக்குக் காணி எடுக்க நினைக்கிறார். அவர்களில் எவரும் வன்னியில் இல்லை. ஒருவர் நாட்டிலேயே இல்லை. விண்ணப்பதாரர் நேரில் வந்து நிற்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாதவர் இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைக்கலாம். மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று வெவ்வேறு பெயர்களில் தாத்தா போய் நின்று பெருவிரலை வைக்கிறார். அவருடைய குடியுரிமைச் சான்றிதழ் வரும் நாளில் இரண்டு ஏக்கருக்கு அவருடைய சொந்தப் பெயரிலேயே அனுமதிப்பத்திரம் எடுத்துத் தருவதாகப் பேச்சு. அந்த வாக்கை முதலாளி காப்பாற்றுகிறார். கதையின் கொடுமை அதுதான்: ஏமாற்றுக்காரன் சொன்ன சொல் தவறவில்லை. ஆனால் மற்ற மூன்று துண்டுகளையும் உண்மையில் வெட்டித் திருத்தி அங்கே குடியிருந்தவர்கள், தாத்தாவோடு ஒரே லொறியில் வந்திறங்கிய மூன்று குடும்பங்கள். அவர்களுக்கு எதுவும் சொல்லப்படவில்லை.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வீட்டுத்திட்டம் வருகிறது. காணிப் பத்திரம் காட்ட முடியாததால் அந்த மூன்று குடும்பங்களின் பெயர்களும் பட்டியலில் தள்ளுபடியாகின்றன. அவர்களுடைய விண்ணப்பங்களைச் சரிபார்க்கும்படி பேத்தியிடமே கொடுக்கிறார்கள். ஒரு மேன்முறையீட்டுக்காகக் கொழும்புக்கு அனுப்பப்பட்டதால் போரில் அழியாமல் தப்பிய கோப்பு அவளுடைய மேசைக்கு வருகிறது. பழுப்பு அட்டை, துருப்பிடித்த ஊசியின் தடம், ஓரங்களில் செல்லரித்த தாள்கள். மூன்று விண்ணப்பங்களின் அடியிலும் நீல மையில் பெருவிரல் அடையாளம். மூன்றிலும் ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, மேல் இடது மூலையிலிருந்து நடுவரை, மை படாத ஒரு வெள்ளைக் கோடு. அவள் சிறுவயதில் தாத்தாவின் மடியில் இருந்து விரலால் தடவிப் பார்த்த தழும்பு அது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டும்போது, அதாவது தேயிலைச் செடிகளைத் தறிக்கும்போது, கத்தி பட்டது. அவள் தாள்களைத் திருப்பிவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போகிறாள். அந்த அத்தியாயம் அவ்வளவுதான்.

ஊழலை வெளியாட்கள் செய்ததாகக் காட்டாமல் குடும்பத்துக்குள்ளேயே ஏன் வைத்தீர்கள்? பாதிக்கப்பட்ட சமூகத்தையே குற்றவாளியாக்குவது சரியா?

இந்தக் கேள்வியை மிகுந்த கோபத்தோடு கேட்டவர்களும் உண்டு. அந்தக் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் தாத்தாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. நேர்மையாகக் காணி பெறும் வாசல் அவருக்குச் சட்டத்தாலேயே மூடப்பட்டிருந்தது. பக்கக் கதவு ஒன்றை மட்டும் ஒருவர் திறந்துவிட்டார். குடும்பத்தின் அடையாளமும் அதன் அழுக்கும் ஒரே கோப்பில், ஒரே நூலால் கட்டப்பட்டுக் கிடக்கின்றன என்பதையே எழுத நினைத்தேன். அடையாளச் சிக்கல் ஒரு பக்கம், ஊழல் மறுபக்கம் என்று இரண்டு கதைகளாகப் பிரித்திருந்தால் தாத்தா அப்பாவியாகவும் முதலாளி அரக்கனாகவும் போயிருப்பார்கள். வாசகருக்கு அது வசதியாக இருந்திருக்கும்; எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊழலில் பெரிய இலாபம் அடைந்தவர்கள் பெருவிரல் வைத்தவர்கள் அல்லர். ஆறு ஏக்கரை வெளிநாட்டிலிருந்தே விற்க முற்படும் உறவினர்கள் நாவலில் தொலைபேசிக் குரல்களாக மட்டும் வருகிறார்கள். அவர்களுக்கு முகம் கொடுக்காதது தற்செயலானதன்று.

வீட்டுத்திட்டம் என்பது இந்திய வீட்டுத்திட்டமா?

இல்லை. நாவலில் வருவது பெயரில்லாத, முற்றிலும் கற்பனையான திட்டம். இந்திய அரசின் உதவியில் 50,000 வீடுகளுக்கான திட்டத்தில், வடக்கு கிழக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய் தவணைகளாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் சென்றது என்பதையும், அதன் பெரும்பகுதி 2012 ஒக்டோபரில் தொடங்கியது என்பதையும் வன்னியில் எல்லோரும் அறிவார்கள். அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டங்கட்டமாகப் பார்வையிட்டுத் தவணை விடுவிக்கும் முறையை மட்டுமே கதைக்கு எடுத்துக்கொண்டேன்; மற்றையவை என் புனைவு.

அந்தப் பகுதியில் எனக்குப் பிடித்த இடம் மணல் அளக்கும் காட்சி. இலஞ்சம் என்று எவரும் வாய்திறந்து கேட்பதில்லை. ஒரு குறிப்பிட்ட உழவு இயந்திரத்தில் வரும் மணலையே வாங்க வேண்டும் என்ற வழக்கம் மட்டும் இருக்கிறது. பற்றுச்சீட்டில் ஒரு கியூப் என்றிருக்கும். தாய், பெட்டியின் நீள அகலத்தைப் பூவரசந் தடியொன்றால் அளந்து, மணல் நிற்கும் உயரத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டு, மகனுடைய கணக்குக் கொப்பியில் பெருக்கிப் பார்க்கிறாள். முக்கால் கியூப்புக்கும் குறைவு. அவள் சாரதியிடம் சண்டை பிடிக்கவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, ஒவ்வொரு பெட்டியின் குறையையும் திகதியோடு எழுதி வைக்கிறாள். கையில் பணம் மாறாமலே எவ்வளவு பணம் மாறுகிறது என்பதை அந்தக் கொப்பி காட்டுகிறது.

இது உண்மைக் கதையா? அலுவலகத்தின் பெயரையும் உத்தியோகத்தரின் பெயரையும் ஏன் சொல்லவில்லை?

உண்மைக் கதை அன்று. ஆள்மாறாட்டம், இல்லாதவர் பெயரில் காணி, வாய்ச்சொல் ஒப்பந்தம் ஆகியவை வன்னியில் எவர் வீட்டுத் திண்ணையில் இருந்தாலும் கேட்கக்கூடிய பேச்சுகள். ஆனால் நாவலிலுள்ள கோப்பு எந்த அலுவலகத்திலும் இல்லை. இலங்கையில் 2002 இல் குற்றவியல் அவதூறு நீக்கப்பட்டுவிட்டதே, பெயரைச் சொன்னால் என்ன என்று ஓர் இளம் சட்டத்தரணி கேட்டார். சிவில் வழக்கு இன்னும் உண்டு என்பது ஒருபுறமிருக்க, பெயர் சொன்னவுடன் வாசகர் அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு மற்ற எல்லோரையும் விடுதலை செய்துவிடுவார். ஆகவே பெயர் வேண்டாம் என்று முடிவெடுத்தேன்.

இறுதிப் போர் ஒரேயொரு அத்தியாயத்தில் முடிந்துவிடுகிறதே?

ஆம். போரைச் சிறிதாக்குவதற்காக அப்படிச் செய்யவில்லை. அந்த அத்தியாயம் ஓர் உரப்பையைப் பின்தொடர்கிறது. அதற்குள் பொலித்தீனில் சுற்றப்பட்ட குடியுரிமைச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம், ஒரு நகை அடகுச்சீட்டு. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று இடம்பெயரும் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு பொருள் கைவிடப்படுகிறது, பை கைவிடப்படுவதில்லை. பதுங்குகுழியில் பாட்டி தன் தலையணையாக வைத்திருந்ததும் அதைத்தான். செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் பதிவு மேசைக்கு முன்னால் அந்தப் பை திறக்கப்படும்போது, இந்தக் குடும்பத்துக்கு ஏன் காகிதம் உயிருக்குச் சமம் என்பது விளக்கமில்லாமலே விளங்கும் என்று நம்பினேன். போரின் மற்றக் கொடுமைகளை என்னிலும் வல்லவர்கள், அதனுள் இழந்தவர்கள், எழுதியிருக்கிறார்கள்; எழுதுவார்கள்.

பாத்திரங்களின் பேச்சு சில இடங்களில் மலையகத்தமிழாகவும் சில இடங்களில் வன்னித்தமிழாகவும் மாறுகிறதே?

வேண்டுமென்றே செய்தது. தாய், வீட்டில் "வாங்க, ஒக்காருங்க" என்பவள். கிராம சேவகரின் அலுவலகத்தில் "ஓமோம், சொல்லுங்கோ" என்பவள். அவளே அறியாமல் நடக்கும் மாற்றம் அது. பிரதி திருத்திய நண்பர் இதை ஒரே சீராக்கும்படி சொன்னார். நான் மறுத்தேன்.

குடிசன மதிப்பீட்டுக் காட்சியை நகைச்சுவையாக எழுதியிருக்கிறீர்கள். ஏன்?

1911 ஆம் ஆண்டிலிருந்து இலங்கையின் குடிசன மதிப்பீடுகளில் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு நிரல்கள் இருக்கின்றன. 1981 க்குப் பிறகு வன்னியில் முழுமையான கணக்கெடுப்பு 2012 இல்தான் நடந்தது. நாவலில் கணக்கெடுப்பாளர் படலையைத் திறந்து வருகிறார். தாத்தா "இந்தியத் தமிழர்னு போடுங்க ஐயா" என்கிறார். மகன் "இலங்கைத் தமிழர்" என்கிறான். பேத்தி, மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது, மலையகத் தமிழர் என்று எழுத முடியுமா என்று கேட்கிறாள். வெயிலில் நிற்கும் கணக்கெடுப்பாளருக்கோ இன்னும் இருபது வீடுகள் இருக்கின்றன. இந்தச் சந்தர்ப்பத்தில் சிரிக்காமல் என்ன செய்வது? அவர் கடைசியில் எதைக் குறித்தார் என்பதை நாவல் சொல்வதில்லை; அதையே பலரும் கேட்கிறார்கள். எனக்கும் அது தேவைப்படவில்லை, அந்தக் குடும்பத்துக்கும் தேவைப்படவில்லை.

பேத்தி ஏன் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யவில்லை?

பெரும்பாலானோர் கேட்கும் கேள்வி இதுதான். 1954 என்ற இலக்கத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால் போதுமே என்கிறார்கள். முறைப்பாட்டுக்கு உரியவர்களில் முதலாளி இறந்துவிட்டார்; காணிக் கச்சேரி நடத்திய உத்தியோகத்தர்கள் இறந்துவிட்டார்கள்; உயிரோடிருப்பவர் தாத்தா ஒருவரே. எண்பத்துநான்கு வயதுக் கிழவரைத் தண்டித்தால் அந்த மூன்று குடும்பங்களுக்கும் ஓர் அடி காணி கிடைக்குமா என்று அவள் கணக்குப் பார்க்கிறாள்.

அவள் செய்தது வேறொன்று, என் பார்வையில் கடினமானது. நிபந்தனைகளை மீறிய, அதாவது காணியில் குடியிருந்து பயிர் செய்யாத அனுமதிப்பத்திரக்காரரின் பத்திரத்தை இரத்துச்செய்யக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலேயே வழியுண்டு. மூன்று துண்டுகளிலும் அனுமதிப்பத்திரக்காரர் ஒருநாளும் குடியிருந்ததில்லை என்பதையும், உண்மையில் பயிர் செய்பவர்கள் யார் என்பதையும் காட்டிக் கள ஆய்வுக்குச் சிபாரிசு செய்யும் குறிப்பொன்றை அவள் கோப்பில் எழுதுகிறாள். அதன் கடைசி வரியில், இவ்விடயத்தில் தன் குடும்பத்துக்குத் தொடர்பிருப்பதால் கோப்பை வேறொருவரிடம் ஒப்படைக்கும்படியும், தன் தாத்தாவின் காணியையும் அதே ஆய்வில் சேர்த்துக்கொள்ளும்படியும் கேட்கிறாள். வீட்டுக்குத் தெரிந்தபோது என்ன நடக்கிறது என்பதே கடைசி மூன்று அத்தியாயங்கள். இது போதாது என்று நினைப்பவர்களோடு வாதாட நான் விரும்பவில்லை. அவள் ஓர் இளநிலை உத்தியோகத்தர். தன் பேனா எட்டும் தூரம் வரை எழுதினாள்.

காணி அண்ணனுக்குத்தான் போகும் என்று தாய் சொல்வது பழைய வழக்கமா, சட்டமா?

இரண்டும். அனுமதிப்பத்திரக்காரருக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் நியமிக்கப்படாவிட்டால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை ஆண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை கொடுத்தது. அந்தப் பால் பாகுபாடு 2022 ஆம் ஆண்டின் திருத்தத்தில் நீக்கப்பட்டது. நாவலின் நிகழ்காலம் அதற்கு முந்தையது. பேத்தி கோப்பில் எழுதிய குறிப்பு அவளுடைய அண்ணனுக்கு ஏன் துரோகமாகத் தோன்றியது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்: அவள் பணயம் வைத்தது சட்டப்படி அவனுடைய பங்கு.

நாவலை வாசித்த பிறகு எங்கள் காணிக் கோப்பைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. முடியுமா?

முடியும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரிடம் எழுத்தில் விண்ணப்பிக்கலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அவர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. விண்ணப்பம் கிடைத்து 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு அறிவிக்கப்பட வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். என் அனுபவத்தில் சொல்லக்கூடிய ஒரே ஆலோசனை: "என் காணி பற்றிய தகவல்" என்று பொதுவாகக் கேட்காமல், காணித் துண்டின் இலக்கம், கிராம சேவகர் பிரிவு, அனுமதிப்பத்திர இலக்கம் தெரிந்தால் அது, காணிக் கச்சேரி நடந்த ஆண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இன்ன ஆவணத்தின் பிரதி வேண்டும் என்று கேளுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான சீட்டை வாங்காமல் படியிறங்க வேண்டாம். போரில் ஆவணங்களை இழந்தவர்களின் அரச காணிப் பிணக்குகளுக்காக 2013 ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் காணிச் சுற்றறிக்கை வெளியிடப்பட்டது; அக்காலத்தில் நிரப்பிக்கொடுத்த படிவத்தின் பிரதி வீட்டில் இருந்தால் அதையும் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் மலையகத்தவரா, வன்னியவரா?

தாய்வழி தோட்டம், தந்தைவழி முள்ளியவளை. வற்றாப்பளைப் பொங்கலுக்கும் போவோம், லயத்து மாரியம்மன் திருவிழாவுக்கும் போவோம்.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரே அமர்வுதான் ஒதுக்க முடியும். எந்தப் பகுதியைப் படிக்கலாம்?

மிளகாய் விலை வீழ்ந்து காணிப் பேச்சு எழும் நான்காம் அத்தியாயமும், கோப்பு மேசைக்கு வரும் பதினொன்றாம் அத்தியாயமும் போதும். இரண்டையும் சேர்த்து வாசிக்க ஒன்றரை மணித்தியாலம் ஆகும். அமர்வில் காணிப் பத்திரமில்லாத எவராவது இருந்தால் முதலில் அவரைப் பேசவிடுங்கள். பத்திரமுள்ளவர்கள் தொடங்கினால் பேச்சு உடனே இலக்கியத்துக்குப் போய்விடுகிறது. பாடசாலை நூலகங்களும் கிராமத்து நூலகங்களும் கேட்டால் பிரதியொன்றை இலவசமாக அனுப்பிவைப்பேன்.